தலைமைப் பயிற்றுநர்

உயர் பொறுப்பில் இருப்பவர்கள் தம் முடிவெடுக்கும் முறையையும் பிறரோடு பழகும் விதத்தையும் செம்மைப்படுத்திக்கொள்ளக் கட்டணம் கொடுத்து அமர்த்தும் தனி வழிகாட்டி. திறமை குறைந்தவருக்கே இத்தகைய துணை தேவை என்ற எண்ணம் பரவலானது. சான்றுகள் அதற்கு எதிராகவே உள்ளன. பதவி உயர உயர, குறையை முகத்துக்கு நேரே சொல்பவர்கள் அருகிவிடுகிறார்கள். கூகுளுக்குத் தலைமையேற்ற எரிக் ஷ்மிட், அனுபவமுள்ள தமக்குப் பயிற்றுநர் எதற்கு என்று முதலில் தயங்கினார்; பின்னர் முன்னாள் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் பில் கேம்பலை ஏற்று, பயிற்றுநரை அமர்த்திக்கொள் என்பதே தமக்குக் கிடைத்த அறிவுரைகளில் சிறந்தது என்றார். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, கைதேர்ந்த பிறகும் தம் பழைய ஆசிரியரை அறுவை அரங்குக்கு அழைத்துக் கவனிக்கச் சொன்னார். வேலையின்போது தம் முழங்கை மேலே எழும்பிவிடுவது போன்ற, தாமே அறியாத பிழைகள் தெரியவந்தன.

இவை தனிமனிதர் கூற்றுகள்தாமே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் 2014இல் ஆய்வாளர் தீபூம் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வும் செயல்திறன், மனநலம் இரண்டிலும் நல்ல விளைவையே கண்டது. இதைவிடக் கனமான மறுப்பு, உரிமம் இல்லாமலே எவரும் இத்தொழிலில் இறங்கலாம் என்பது. 1995இல் தொடங்கிய பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு தொடக்கநிலைச் சான்றுக்கு 100 மணி நேரப் பயிற்றுவிப்பையும் உச்சநிலைக்கு 2,500 மணி நேரத்தையும் கேட்கிறது; ஆனால் அச்சான்று கட்டாயமன்று. எனவே அமர்த்துபவரே விசாரித்தாக வேண்டும். குறிப்பாக, கட்டணத்தை நிறுவனம் செலுத்தும்போது, பேசியவற்றில் எது மேலிடத்துக்குப் போகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது அவசியம்.