வினையும் உருபும்: கடலூர்ப் பக்கத்தில் ஆங்கிலம் படிந்த கதை

தமிழில் பெயரின் கடைசியில் ஒட்டும் வேற்றுமை உருபு செய்யும் வேலையை, ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நிற்கும் பிரிபொசிஷன் செய்கிறது. எந்த வினைக்கு எது வரும் என்பதில்தான் தமிழர் நெடுங்காலமாகத் தடுமாறுகின்றனர்.

கடலூர்க் கரையில் தமிழும் ஆங்கிலமும் சந்தித்தது பழைய கதை. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதற்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கம்பெனிக்கும் ஊராருக்கும் நடுவே நின்று பேசியவர்கள் துபாஷிகள். பள்ளிக்கூட ஆங்கிலம் பின்னால் வந்தது. இலக்கண நூல்களும் அதனோடு வந்தன. 1930-களில் வெளிவந்த ரென்-மார்ட்டின் இலக்கணம் எந்தச் சொல்லுக்குப் பின் எந்த பிரிபொசிஷன் என்று நீண்ட பட்டியலே தந்தது. அதே காலத்தில், 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு, ஆங்கிலப் பேச்சாற்றலால் உலகறிந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தார்.

பட்டியல் மனப்பாடமாகும், பேச்சில் கைகொடுப்பது அரிது. பிழையின் வேர் தமிழிலேயே இருக்கிறது. 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பதிலுள்ள 'கு', 'ரீச்' என்ற வினைக்குப் பின்னும் 'டு' போடச் சொல்கிறது. அங்கே எதுவும் வேண்டாம். 'பாட்டைக் கேள்' என்பதில் 'ஐ' போதும். கேட்கப்படுவதைச் சொல்லும்போது 'லிஸன்' வினையோ 'டு' இல்லாமல் நிற்காது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' தேவையில்லாமல் தானாக வந்து உட்காருகிறது. உருபுகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதைத் தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியல் என்று தனி இயலாகவே பேசியிருக்கிறது. தமிழ் உருபுக்கும் ஒரே பொருள் இல்லை என்று அறிந்தவருக்கு ஆங்கிலத்தின் மயக்கம் அவ்வளவு அந்நியமாகப் படாது.

இந்தத் தடுமாற்றத்துக்கு வழி காட்டியவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், வினையை அதன் அமைப்போடு சேர்த்துக் காட்டும் அகராதியைத் தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அதை 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாக்கியது. 'டிபெண்ட்' என்று தனியாகக் கற்காமல் 'டிபெண்ட் ஆன்' என்றே கற்பது இம்முறையின் சாரம், இதுவே சரியானது.

கடலூர்ப் பக்கத்தில் இந்தப் பாடம் ஆலைக்குள்ளும் உண்டு. 1971-இல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம், பின்னர் கடலூர்–சிதம்பரம் சாலையில் தொழிற்பேட்டை அமைத்தது. ரசாயன ஆலைகளில் 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்' இரண்டுக்கும் வினை ஒன்றுதான். வால்வு திறப்பதும் மூடுவதும் பின்னால் வரும் அந்தச் சிறு சொல்லில் இருக்கிறது. இவை இலக்கணப்படி பிரிபொசிஷன் அல்ல, வினையோடு ஒட்டிய துணைச்சொற்கள். 'ஷட் டவுன்' என்ற இரு சொல் 'ஷட்டவுன்' என்று ஒரே சொல்லாகித் தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்டது.