கடல் இல்லாத கொங்கு நாட்டில் கருவாடு... வாங்குவது முதல் வறுப்பது வரை!

கோவையில் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட்டில் கருவாடு வறுத்துப் பாருங்க. அஞ்சாவது நிமிஷம் ‘யார் வீட்டுலங்க?’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்துடும். அந்தக் கூச்சத்துக்காகவே பலர் வீட்டில் கருவாட்டுச் சட்டி அடுப்பேறுவதில்லை. விலை குறைவு, புரதம் அதிகம், மாசக் கணக்கில் கெடாது. இப்படி ஒரு சாப்பாட்டை வாசனைக்குப் பயந்து விட்டுடலாமா?

கடல் எங்கே, கோவை எங்கே?

கோவையிலிருந்து மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனாலும் கடலுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். கிழக்குக் கடற்கரை இன்னும் தூரம். ஐஸ் பெட்டியும் வேகமான லாரியும் வராத காலத்தில், கடல் மீன் கெடாமல் இவ்வளவு தூரம் வர ஒரே வழி, உப்பும் வெயிலும்தான். வாரச் சந்தையில் வாங்கிய கருவாடு கம்பஞ்சோறு, ராகிக் களி, பழைய சோறு எல்லாத்துக்கும் ஜோடி ஆனது.

உலகம் முழுக்க இதே கதைதான். பிலிப்பைன்ஸில் மீனை உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, புகை போட்டால் ‘தினாபா’. காலையில் பூண்டுச் சோறு, முட்டையோடு சாப்பிடுவாங்க. உப்பிட்டுக் காயவைத்தால் ‘துயோ’. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே ‘காய்ந்தது’!

நம்ம பக்கத்திலும் புகை போட்ட மீன் உண்டு. லட்சத்தீவின் மினிக்காய் தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் கல் மாதிரி காயவைப்பார்கள். அதுதான் மாசி. இடித்துத் தூளாக்கிச் சேர்த்தால் இலங்கைச் சம்பலின் ருசியே வேற லெவல்.

எதை வாங்கலாம்?

* நெத்திலி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் பெஸ்ட். முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கும்.
* வாளை: மொறுமொறுன்னு வறுக்க.
* சுறா: உதிர்த்துப் புட்டு, தொக்கு செய்ய.
* சீலா: கத்தரிக்காய், மொச்சையோடு புளிக்குழம்புக்கு.

வாங்கும்போது கவனிங்க

நல்லா உலர்ந்திருக்கணும். பிசுபிசுப்பு, பூஞ்சை, வண்டு அரித்த தூள் இருந்தால் வேண்டாம். இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் உப்பிலும் வளரும் பாக்டீரியா வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். கருவாட்டு வாசம் ஓகே, அழுகல் நாற்றம் நாட் ஓகே. மண்ணில் கொட்டிக் காயவைத்ததில் மணல் இருக்கும். ஒன்றை உடைத்துப் பாருங்கள்.

சமைக்கும் முன்

நெத்திலியின் தலையையும் வயிற்றுப் பகுதியையும் கிள்ளி எடுங்கள். வெந்நீரில் 10 நிமிஷம் ஊறவிட்டு, மூணு தண்ணி மாத்தி அலசுங்கள். மணலும் பாதி உப்பும் போயிடும்.

சிம்பிள் தொக்கு: நல்லெண்ணெயில் பூண்டு, நிறைய சின்ன வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் வதக்கி, அலசிய நெத்திலியைப் போட்டு மூடி வையுங்கள். 10 நிமிஷத்தில் ரெடி. கடைசியில் ருசி பார்த்துத்தான் உப்பு, பெரும்பாலும் தேவைப்படாது. வறுப்பதைவிட மூடிபோட்டுத் தொக்கு செய்தால் வாசமும் கம்மி. பக்கத்து வீட்டுப் பிரச்னைக்கும் இதுவே தீர்வு!

மீதியைக் காற்றுப்புகாத பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், பாலுக்கும் தயிருக்கும் வாசம் ஏறாது.

யார் உஷாரா இருக்கணும்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எவ்வளவு அலசினாலும் கருவாட்டில் உப்பு மிச்சமிருக்கும். அதனால் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களும் இதைத் தொட்டுக்கையாகவே வைத்துக்கொள்ளலாம். தட்டு நிறைய வேண்டாம். கருவாடு வைக்கிற அன்னைக்கு அப்பளம், ஊறுகாய்க்கு லீவு.

அடுத்த முறை சந்தைப் பக்கம் போனால் நெத்திலி 100 கிராம் வாங்குங்க. ஒருத்தருக்கு ரெண்டு மூணு வேளைக்குத் தாராளமா வரும்.