இடுக்கும் கலப்பத்தும்

குளியலறை இடுக்கு என்பது சரித்திரத்துல ரொம்பப் புது வியாதி மக்களே. எங்க போடிநாயக்கனூர்ல பழைய வீடுகளுக்குக் குளியல் கொல்லைப்புறத்துல. ஒரு துவைகல், ஒரு அண்டா, ஒரு செம்பு. குளிச்ச தண்ணி வாழைக்குப் போயிடும். தரையில எதையும் பதிக்கலை, அதனால அடைக்க இடுக்கும் இல்லை.

பீங்கான் கோப்பை, டைல்ஸ், பி.வி.சி. குழாய் எல்லாம் வீட்டுக்குள்ள வந்து, மாடிக்கும் ஏறினப்புறம்தான் தொல்லை. இடுக்குல இறங்குற தண்ணி தளத்துக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிச்ச கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துடும். எங்க வீட்டுல அந்தத் தளத்துக்குக் கீழ படுக்கிறது அப்பாவும் அம்மாவும்.

மாடியில வெஸ்டர்ன் க்ளோசெட்டைச் சுத்தி ரெண்டு தடவை ஒயிட் சிமெண்ட் பூசியாச்சு. ரெண்டு தடவையும் சில மாசத்துல முடி மாதிரி விரிசல். கொத்தனார் கையில குறையில்லை. அப்ப வேற எதுலன்னு துருவினப்போ கிடைச்சதுதான் இந்தக் கதை.

இடுக்கு அடைக்கிறதுல ரெண்டு பரம்பரை இருக்கு. ஒண்ணு சுவர் பரம்பரை. தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு உதாரணம் தேட வேண்டாம், முல்லைப் பெரியாறு அணை இருக்கு. 1887-இல் ஆரம்பிச்சு 1895-இல் பென்னிகுயிக் தலைமையில முடிஞ்ச வேலை. கல்லுக்கு நடுவுல சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் பொடியும், கலந்த கலவை. கசிஞ்ச தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சு வெளிய இழுத்துது. 1930-களில் அணையில துளை போட்டு, சிமெண்ட் பாலை அழுத்தத்தோட உள்ள செலுத்தி அடைச்சாங்க. கல்லும் கலவையும் ஒரே உடம்பா நிக்கிற இடத்துக்கு, இறுகிப் போற பொருள்தான் சரி.

இன்னொண்ணு படகுப் பரம்பரை. மரம் நனைஞ்சா ஊதும், காய்ஞ்சா சுருங்கும். பலகை இடுக்கு ஒரு நாளும் சும்மா இருக்காது. அங்க சுண்ணாம்பைப் பூசினா உதிர்ந்துடும். அதனால பஞ்சைத் திணிச்சு, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசினாங்க. கடற்கரைப் பக்கம் இதுக்குப் பேரு கலப்பத்து. அந்தக் குங்கிலியம் எங்கேருந்து வருது? கருங்குங்கிலியமும் வெள்ளைக் குங்கிலியமும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரங்களோட பிசின். ஏலக்காய் நிழல்ல வளர்ற மாதிரியான அதே ஈரக்காடுதான். கடலே இல்லாத எங்க பக்கத்து மலையில படகுக்கு மருந்து!

இப்ப க்ளோசெட்டைப் பாருங்க. பீங்கான் வேற, டைல்ஸ் வேற. ஆள் உக்காந்தா லேசா அசையும். வெந்நீர் போற குழாய் நீளும், ஆறினா சுருங்கும். இது சுவர் இடுக்கு இல்லை, படகு இடுக்கு. நாம போட்டது சுவர் வைத்தியம்.

இன்னைக்குக் கலப்பத்து வேலையைச் செய்யறது சிலிக்கோன். 1900-களின் ஆரம்பத்துல இங்கிலாந்து நாட்டிங்ஹாம்ல ஃப்ரெடெரிக் கிப்பிங் இந்தப் பேரை வச்சார். வேதியியல் ஆராய்ச்சியில கிடைச்ச இந்தப் பிசுபிசுப்புச் சரக்கால பெரிய பிரயோஜனம் இருக்கும்னு அவரே நினைக்கலை. 1943-இல் அமெரிக்காவுல டவ் கார்னிங் தொடங்கினப்போ முதல் கிராக்கி போர் விமானங்கள்லேருந்து: இக்னிஷன்ல ஈரம் புகாம அடைக்கணும். அப்புறம்தான் வீட்டுக்கு வந்துது. காத்துல இருக்கிற ஈரத்தை வச்சே ரப்பரா மாறிடும். வினிகர் வாடை வர்ற ரகம்தான் கடையில சாதாரணமா கிடைக்கும்.

செய்யறது சுலபம். பழைய சிமெண்டை முழுசாச் சுரண்டுங்க. இடுக்கு நல்லாக் காயணும், ஈரத்துல ஒட்டாது. ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, பசையை ஒரே இழுப்பா இழுத்து விரலால நீவி, உடனே டேப்பை உரிச்சிடுங்க. ஒரு நாள் தண்ணி படக் கூடாது.

க்ளோசெட்டுக்குப் பின்பக்கம் மட்டும் ரெண்டு விரல் அகலம் அடைக்காம விடுங்க. சுத்தி வர அடைச்சா, அடியில குழாய் மூட்டு ஒழுகினாலும் வெளிய தெரியாது. கம்பி துருப்பிடிச்சு, காரை கீழ படுத்திருக்கிறவங்க மேல விழும்போதுதான் தெரியும்.