தியாகதுருக்கம்: கைமாறிய கோட்டை

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியைக் கடந்து உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் சென்றால், தியாகதுருக்கத்துக் குன்று நம் பார்வையில் படும். செஞ்சிக்குப் பெருந்திரளாகச் செல்லும் நாம், இக்குன்றின் சிதைந்த மதில்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் இக்கோட்டைக்கென ஓர் இடம் உண்டு.

இதே சாலையில் அப்பால் இருப்பது எலவானாசூர்க்கோட்டை. கோட்டை இன்றும் அவ்வூர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் காத்தவரின் பெயரோ மறைந்துவிட்டது. 1757இல் பிரெஞ்சுப் படை தாக்கியபோது எதிர்த்துப் போரிட்டுப் படுகாயமுற்று இறந்த மீர் உசேன் கானே அவர். தியாகதுருக்கத்தின் கில்லேதார் கிருஷ்ணராவும் அக்காலத்தில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்து நின்றவரே. இவ்விருவரையும் நாம் அறிவது பெரும்பாலும் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் வழியாகத்தான். வெள்ளைத் தளபதிகளின் ஒவ்வொரு நகர்வையும் விரித்தெழுதிய அவருடைய நூலில், இவர்கள் போகிறபோக்கில் வந்து மறைகின்றனர்.

1760இல் ஆங்கிலேயரின் நெருக்கடியில் சிக்கிய புதுச்சேரியைக் காக்க, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் ஹைதர் அலியுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். படையுதவிக்கு விலையாகத் தியாகதுருக்கமும் எலவானாசூரும் மைசூராருக்குக் கொடுக்கப்பட்டன. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலியின் படை, அவ்வாண்டு ஜூலையில் திருவதிகையருகே மேஜர் மூரின் ஆங்கிலப் படையைச் சிதறடித்தது. ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கண்டேராவ் ஹைதருக்கு எதிராகக் கிளம்பவே, மைசூர்ப் படை திரும்ப நேர்ந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்த தியாகதுருக்கம் அடுத்த மாதமே மேஜர் பிரஸ்டனிடம் பணிந்தது.

1790இன் இறுதியில் திப்பு சுல்தான் இங்கு வந்தார். கோட்டையைக் காத்தவர், முந்தைய போரில் வந்தவாசியைக் காத்துப் பெயர்பெற்ற கேப்டன் ஃபிளின்ட். அடிவாரத்துப் பேட்டையின்மீது சுல்தானின் படை இருமுறை பாய்ந்து, இருமுறையும் பின்வாங்கிற்று. அந்தப் பேட்டையில் தங்கள் உடைமைகளோடு அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் சுற்றுவட்டாரக் குடிமக்கள். திப்புவின் வீரத்தைப் பேசுகையில் நம்மவர் இச்செய்தியைச் சொல்லத் தயங்குவர். நாம் தயங்க வேண்டியதில்லை. எந்தக் கொடி வந்தாலும் குதிரைப்படைக்குத் தீவனமும் தானியமும் அக்குடிமக்களின் களத்திலிருந்தே போயின. அவர்களுள் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். கில்லேதார்களின் பெயர்களாவது ஏட்டில் ஓரிரு வரிகளில் எஞ்சின. மதிலுக்குள் ஒண்டிய அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.