மரம் ஒவ்வொன்றாய் வரும் விளையாட்டு

இலங்கையின் ஊவா மாகாணத் தோட்ட அலுவலகங்களுக்குள் கணினி எப்படி நுழைந்தது என்று தேடுகிறவருக்குச் சான்றுகள் மிகக் குறைவு. தொழிலாளரின் வேலைநாளும் சம்பளமும் பதிந்த கடதாசிச் செக்ரோல் புத்தகங்களாவது ஸ்டோர் மூலைகளில் கறையானுக்குத் தப்பிக் கிடக்கின்றன. கணினிகளோ பழுதானதும் பழைய இரும்போடு போய்விட்டன. 1992இல் அரசின் கையிலிருந்த தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதையடுத்து வந்த ஆண்டுகள்தான் என் ஆய்வுக்காலம். பசறைப் பக்கத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தந்த ஃப்ளொப்பிகளில் சம்பளக் கணக்கு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சிலவற்றின் மேல் பேனாவால் 'கொல்ஃப்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அவற்றை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நுவரெலியாவில் 1889இலேயே கொல்ஃப் கழகம் அமைத்த துரைமார் உலகத்தின் விளையாட்டு, நூறு வருடம் கழித்து ஒரு பங்களாவின் கணினிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதுவும் தோட்ட வரலாறுதானே? "அது என்ன கேம் ஐயா?" என்று கிளாக்கரிடம் கேட்டேன்.

"பேரு தெரியாது தம்பி. ராவைக்கு வேல முடிஞ்சதும் தொரை தனியா உக்காந்து வெளையாடுவாரு. ஒரு அடி அடிச்சா படம் அழிஞ்சி, மரம் ஒவ்வொண்ணா வரும். அதுக்குள்ள அரைக் கோப்பை தேத்தண்ணி குடிச்சிறலாம். ஸ்பீக்கர் ஒண்ணும் கெடையாது. ஆனா பெட்டிக்குள்ள இருந்தே வெள்ளைக்காரன் பேசுவான். கடைசிக் குழிகிட்ட செவப்பும் வெள்ளையுமா ஒரு கோபுரம் நிக்கும்."

என் தேடலுக்கு இந்தச் சாட்சியம்தான் முதல் ஆவணம். மரம், குரல், கோபுரம் என்று மூன்று தடயங்கள் அதில் இருந்தன.

முதலில் வட்டுகளைப் பிரதி எடுக்கவேண்டும். 1.44 எம்பி ஃப்ளொப்பியில் 512 பைட் கொண்ட 2,880 துண்டுகள் உண்டு. ஊவாவின் மூடுபனி ஈரம் பூஞ்சணமாகப் படிந்த வட்டை அப்படியே டிரைவுக்குள் தள்ளினால், வட்டும் போகும், டிரைவின் தலையும் அழுக்காகும். ஷட்டரை விலக்கி, வெளிச்சத்தில் பார்த்து, துடைத்து உலரவிட்ட பிறகே வாசிக்கவேண்டும். ஒரு டிரைவ் வாசிக்க மறுத்த துண்டுகளை இன்னொரு டிரைவ் வாசித்துக் கொடுத்தது. எழுதிய டிரைவின் தலையும் வாசிக்கும் டிரைவின் தலையும் இம்மியளவு விலகியிருந்தாலே இப்படி ஆகும். கோப்புகளைத் தனித்தனியாக எடுக்காமல் முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்துக்கொண்டேன்.

உள்ளே இருந்தது நிறுவும் பிரதி அல்ல. கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த கோப்புறையையே யாரோ அப்படியே அள்ளி வைத்திருந்தார்கள். இது என் அதிர்ஷ்டம். அந்தப் பங்களாக் கணினிக்கென்று செய்த அமைப்புகளும் கூடவே வந்திருந்தன. நிரலின் பைட்டுகளுக்கிடையே 'அக்சஸ் சொஃப்ட்வெயார்' என்ற பெயர் தென்பட்டது. 1986இல் 'லீடர் போர்ட்' என்ற கொல்ஃப் விளையாட்டால் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம் அது. 1990இல் 'லிங்க்ஸ்', 1992இல் 'லிங்க்ஸ் 386 ப்ரோ' என்று தொடர்ந்தது. தோட்டங்கள் கம்பனிகளுக்குப் போன அதே வருடம்! 1990இன் லிங்க்ஸோடு வந்தது கலிபோர்னியாவின் டொரி பைன்ஸ் மைதானம். 386 ப்ரோவோடு வந்தது தென் கரோலினாவின் ஹாபர் டவுன். ஹாபர் டவுனின் 18ஆம் குழிக்குப் பின்னால் சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. கிளாக்கரின் கோபுரம் அதுதான். விளையாட்டு எதுவென்று தெரிந்துவிட்டது.

இனி அதை ஓடவைக்கவேண்டும். 64-பிட் விண்டோஸ் பழைய டொஸ் நிரல்களை ஏற்பதில்லை. ஆகவே பழைய கணினியொன்றை மென்பொருளாலேயே நடித்துக் காட்டும் 'டொஸ்பொக்ஸ்' வேண்டும். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் போட்டதும் திரை கிழிந்த பட்டைகளாகச் சிதறியது.

காரணம் அந்தக் காலத் திரை அட்டைகளில் இருக்கிறது. 386 ப்ரோ 640க்கு 400 புள்ளிகளில் 256 நிறங்கள் காட்டும். புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 2,56,000 பைட். 256 கேபி என்பது 2,62,144 பைட் என்பதால் படம் அதற்குள் மயிரிழையில் அடங்கிவிடும். 640க்கு 480 என்றால் 3,07,200 ஆகி, இரண்டு மடங்கு நினைவகம் கொண்ட அட்டை வேண்டும். ஆனால் டொஸ் கணினி திரை நினைவகத்தை 64 கேபி அளவுள்ள ஒரு சன்னல் வழியாகத்தான் பார்க்கும். நான்கு தடவை சன்னலை நகர்த்தவேண்டும். அப்படி நகர்த்தும் முறை ஒவ்வொரு சிப் கம்பனிக்கும் ஒவ்வொரு விதம். 1989இல் வீசா என்ற பொதுத் தரம் வந்தும், விளையாட்டுகள் அட்டையின் பெயரைக் கேட்டே வேலை செய்தன. பங்களாக் கணினியின் அட்டைக்கென்று பதிந்திருந்த அமைப்பு, டொஸ்பொக்ஸ் நடிக்கும் எஸ்3 அட்டையோடு ஒத்துப்போகவில்லை. மூலப் பிரதியைத் தொடாமல், இன்னொரு பிரதியில் வீசா என்று மாற்றினேன். படம் தெளிந்தது.

தெளிந்தும் மரங்கள் குட்டையாகத் தெரிந்தன. 400 வரிகளை அன்றைய 4:3 திரை உயரவாக்கில் இழுத்து நிரப்பியது. இன்றைய திரையின் புள்ளிகள் சதுரம். டொஸ்பொக்ஸின் அமைப்புக் கோப்பில் 'அஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றினால் ஆள் ஆளின் உயரத்துக்கு வருவார்.

வேகத்தில்தான் எனக்குத் தயக்கம் இருந்தது. டொஸ்பொக்ஸில் வேகத்தை 'சைக்கிள்' கணக்கில் வைக்கவேண்டும். 3,000இல் ஒரு காட்சி வரைந்து முடிய வெகுநேரம் பிடிக்கிறது. உச்சத்தில் வைத்தால் என் பழைய மடிக்கணினி மூச்சுத் திணறி, ஒலி விட்டுவிட்டு வருகிறது. 66 மெகாஹெர்ட்ஸ் 486க்கு நிகரான 25,000 அளவில் விளையாட்டு சுகமாக ஓடுகிறது. ஆனால் அங்கே தேத்தண்ணிக்கு நேரமில்லை! 386க்கு ஒத்த 6,000 பக்கம் இறக்கியபோது கிளாக்கர் சொன்னபடியே மலை, புல், மரம் என்று பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாய் வந்தன. ஆகவே இரண்டு அமைப்புக் கோப்புகள் எழுதினேன். ஒன்று விளையாடுகிறவருக்கு, மற்றது வரலாற்றுக்கு. இரண்டையும் ஒன்றாக்கிச் சமரசம் செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பெட்டிக்குள் பேசிய வெள்ளைக்காரன்? அக்சஸ் நிறுவனத்தின் 'ரியல்சவுண்ட்' என்ற நுட்பம் அது. 'பீப்' மட்டும் போடவென்று வைத்த சின்ன ஸ்பீக்கரை மிக வேகமாக இயக்கி நிறுத்தி, துடிப்பின் நீளத்தை மாற்றி மாற்றி மனிதக் குரலை எழுப்பினார்கள். ஒலி அட்டை வாங்க வசதியில்லாத கணினிக்கும் பேச்சு வந்தது இப்படித்தான். அமைப்பிலும் ஒலி அட்டை என்று எதுவும் தெரிவாகியிருக்கவில்லை. சாட்சியமும் வட்டும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. கிளாக்கர் சொல்லியிராவிட்டால் நானும் எல்லோரையும் போல சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைத் தெரிவுசெய்து, அந்தக் கரகரத்த குரலை இழந்திருப்பேன்.

அக்சஸை 1999இல் மைக்ரோசொஃப்ட் வாங்கியது. 2004இல் அக்சஸ் டேக்-டூ நிறுவனத்தின் கைக்கு மாறி, 2006இல் மூடப்பட்டது. இருந்தும் உலகெங்கும் ஆர்வலர்கள் இந்த விளையாட்டைக் காக்கிறார்கள். தோட்டத்துச் சம்பளக் கணக்குகளைக் காக்க எவரும் இல்லை. அதே கால டொஸ் நிரல்களில், அதே மாதிரி ஃப்ளொப்பிகளில், நம் தாய்மார் வேலை செய்த பேர் நாட்களும் ஊழியர் சேமலாப நிதிப் பிடித்தங்களும் பதிவாகியிருக்கக்கூடும். பூஞ்சணம் துடைப்பதிலிருந்து டொஸ்பொக்ஸ் வரை, கொல்ஃபுக்குத் திறந்த இந்த வழி அவற்றுக்கும் திறக்கும்.

ஹாலி-எல, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கங்களில் வேலை பார்த்த கிளாக்கர்மாரே, ஃபெக்டரி ஒஃபிசர்மாரே, வீட்டில் பழைய வட்டுகள் இருந்தால் வீசிவிடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அந்தக் கணினி எப்படி இருந்தது, என்ன சத்தம் போட்டது, எவ்வளவு நேரம் காக்கவைத்தது என்று ஒரு தாளில் எழுதி வட்டோடு சேர்த்து வையுங்கள்.