அடைமொழியும் பிரஜாவுரிமையும்

தமிழில் ஒரு பெயரைச் சிறப்பிக்க வரும் சொற்கள் யாவும் அப்பெயருக்கு முன்னரே நிற்கும். 'மேல்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்' என்று கூறுமிடத்து, பெண் என்னும் தலைச்சொல் இறுதியில் வருகின்றது. அவள் நிற்கும் இடமும் செய்யும் தொழிலும் அவளுக்கு முன்னே அணிவகுத்துச் செல்கின்றன. ஆங்கிலத்தில் இவ்வொழுங்கு பாதி ஒத்தும் பாதி மாறியும் காணப்படும். இளமை, முதுமை, நிறம், அளவு முதலிய பண்புகளைக் கூறும் சொற்கள் அங்கும் பெயருக்கு முன்னரே நிற்கின்றன. ஆனால் இடத்தையும் தொழிலையும் உணர்த்தும் நீண்ட தொடர்கள் பெயரைத் தாண்டிச் சென்று அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இவ்வேற்றுமையை நன்கு எடுத்துக்காட்டினார். ஆளப்படும் சொல் முன்னும் ஆளும் சொல் பின்னும் நிற்பது திராவிட மொழிகளின் இயல்பென்பதும், ஆங்கிலம் இணைப்புப் பெயர்களால் செய்வதைத் தமிழ் பெயரெச்சத்தால் செய்துவிடுகின்றதென்பதும் அவர் கண்ட உண்மைகள்.

இது இலக்கண ஆசிரியர்க்கு மட்டும் உரிய செய்தி என்று பலர் ஒதுக்கிவிடுவர். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை நோக்குவோர்க்கு அவ்வாறு ஒதுக்குவது எளிதன்று.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கிய காலத்திலும் அதன் பின்னரும், தோட்டத்துக்கு வரும் இளந்துரைமார் தமிழ் கற்றேயாகவேண்டியிருந்தது. தொழிலாளி ஆங்கிலம் கற்பதைக் காட்டிலும் துரை தமிழ் கற்பதே வேலைக்கு வாய்ப்பாக இருந்தது. அதற்கெனக் கைந்நூல்களும் தோன்றின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. எம். பெர்குசன் தொகுத்த சின்னத்துரைமார்க்கான தமிழ் வழிகாட்டி நூலொன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். அந்தப் பெயரிலேயே முதற்பாடம் அடங்கியிருக்கின்றது. ஆங்கிலேயர் 'வா' என்பதை முன்னும் 'இங்கே' என்பதை அதன் பின்னும் கூறுவர். தமிழர் இடத்தைச் சொல்லிய பின்னரே வினையைச் சொல்வர். இரண்டே சொற்களாலான ஏவலிற்கூட ஒழுங்கு தலைகீழாகிவிடுகின்றது. 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பாரின் நூலுக்கோ 'கூலித் தமிழ்' என்று பெயர். தமிழைத் தலைச்சொல்லாக வைத்து, அதற்குக் 'கூலி' என்னும் அடைமொழியை முன்னே பூட்டிய தொடர் இது. ஒரு மக்கட் கூட்டத்தார் பேசிய மொழியை அவர்கள் வாங்கிய ஊதியத்தின் பெயரால் அடையாளமிட்ட இத்தலைப்பில், அன்றைய தோட்ட வாழ்வின் ஏற்றத்தாழ்வு முழுவதும் தெரிகின்றது. இத்தகைய நூல்களில் ஏவல்கள் மிகுதி, உரையாடல் குறைவு என்பதில் வியப்பில்லை.

இரு மொழிகளின் ஒழுங்கும் ஒத்துப்போன இடங்களில் சொற்கள் எளிதாகவே கை மாறின. 'பெரியதுரை', 'சின்னத்துரை' என்னும் தமிழ்த் தொடர்களை ஆங்கிலத் தோட்ட அதிகாரிகள் தாமே தம்மைக் குறிக்க வழங்கினர். பண்புச்சொல் முன், பெயர் பின் என்னும் முறை அவர்தம் மொழிக்கும் இயல்பாதலால் மொழிபெயர்க்க வேண்டிய தேவை எழவில்லை. தொழிலாளரும் ஆங்கிலத் தொடர்களை இவ்வாறே ஏற்றனர். காலையில் ஆட்கணக்கு எடுக்கும் இடம் 'பிரட்டுக்களம்' ஆயிற்று. 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல் தொழிலாளர் நாவில் பிரட்டு எனத் திரிந்தது. அதன் பின்னே நின்றது தமிழ்க் களம். வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்னும் சொல் லயம் ஆகி, போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற காம்பரா என்னும் சொல்லோடு கூடி, 'லயக் காம்பரா' ஆயிற்று. மூன்று நாட்டார் வந்துபோன தடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவேயான ஓர் அறையின் பெயரில் கிடக்கின்றது.

தோட்டத் தொழிலாளியின் வாழ்வை மிகுதியும் அலைக்கழித்த பெயர்த்தொடரோ தோட்டத்திற் பிறந்ததன்று. அது கொழும்பிலே, குடிசன மதிப்புக் காரியாலயத்தில் உருவாயிற்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது, அதுவரை தமிழர் என ஒன்றாக எண்ணப்பட்டோர் 'இலங்கைத் தமிழர்' என்றும் 'இந்தியத் தமிழர்' என்றும் முதன்முறையாக இரு தலைப்புக்களிற் பிரிக்கப்பட்டனர். அவ்வாண்டில் இந்தியத் தமிழர் எனக் குறிக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 31 ஆயிரம். 1946இல் அது 7 இலட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது.

இத்தொடரைத் தமிழிலக்கண முறைப்படி விரித்துப் பார்த்தல் பயனுடைத்து. உருபும் வினையும் மறைந்து நிற்கும் தொகைநிலைத் தொடர் ஒன்று, இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட்டு மயங்கக்கூடும் என்று நன்னூலார் கூறுவர். ஆங்கிலத்தில் பெயருக்கு முன் பெயரடையை வைத்து ஆக்கும் தொடருக்கும் இம்மயக்கம் உண்டு. இந்தியாவிற் பிறந்த தமிழரா? இந்தியாவிலிருந்து வந்தாருக்குப் பேரப்பிள்ளைகளாய்த் தோன்றிய தமிழரா? இந்தியா என்னும் நாட்டுக்கு உரியவரான தமிழரா? முதற்பொருள் 1946இல் பெருந்தொகையினருக்குப் பொருந்தவில்லை. அவர்கள் இலங்கையின் மலைகளிலேயே பிறந்தவர்கள். இரண்டாவது பொருளே வரலாற்றுக்கு ஒத்தது. அரசியல்வாதிகள் பற்றிக்கொண்டதோ மூன்றாவது பொருளை. எண்ணுவோரின் வசதிக்காக இட்ட அடைமொழி, உரிமையை அளக்கும் கோலாக மாறிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையிலிருந்து கே. குமாரவேலுவும் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தான் இலங்கையிற் பிறந்திருந்தாலும், தந்தையும் இங்கே பிறந்தவர் என்று, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும் என அச்சட்டம் கேட்டது. லயக் காம்பராவிற் பிறந்த முன்னோர்க்குப் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது?

பின்னர் 1949இல் வந்தது இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இலங்கையில் 'இடையறாது' வதிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. வதிவு என்னும் தலைச்சொல்லைக் காட்டுதல் எவர்க்கும் கடினமாயிருக்கவில்லை. செக்றோலே அதற்குச் சாட்சி. அதற்கு முன் நின்ற 'இடையறா' என்னும் ஒற்றைச் சொல்லே பலரை இடறச் செய்தது. ஒரு முறை சென்று தங்கியது 12 மாதத்தை மீறாவிடின் அதனைக் குறையாகக் கொள்வதில்லை என்னும் சலுகை சட்டத்தில் இருந்தது உண்மையே. எனினும் தாய் தந்தையரைக் காணத் திருச்சிராப்பள்ளிக்கோ இராமநாதபுரத்துக்கோ சென்றவர், எந்நாள் சென்று எந்நாள் மீண்டார் என்பதைத் தாளிலே நாட்டவேண்டியவரானார். விண்ணப்பப் படிவங்களும் விசாரணைகளும் தோட்டப் பாடசாலையின் கீழ்வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டவர்க்கு எட்டாத மொழியில் அமைந்திருந்தன. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

அடைமொழியின் வலிமையைத் தொழிலாளர் தலைவர்களும் உணர்ந்தே இருந்தனர். 1939இல் நேரு அவர்களின் வருகையையொட்டி எழுந்த இலங்கை இந்தியர் காங்கிரஸின் தொழிற்சங்கம், 1950இல் 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' எனப் பெயர் மாறியது. 'இந்தியர்' இருந்த இடத்தில் 'தொழிலாளர்' வந்தமர்ந்தது. கொள்கை விளக்கங்கள் பல பக்கங்களிற் சொல்லக்கூடியதை இந்த ஒரு சொல் மாற்றம் சொல்லிவிட்டது.

இதே காலத்தில் வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலேயே கவிதை எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த அவரது ஆங்கிலக் கவிதை நூல் 1954இல் வெளிவந்தது. அதன் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் நோக்கின், இடத்தை உணர்த்தும் 'இன்' என்னும் முன்னிடைச்சொல் முதலிலும், 'சிலோன்ஸ்' என்னும் உடைமைச் சொல் அடுத்தும், தேயிலைத் தோட்டம் இறுதியிலும் நிற்கும். சக்தீ பாலையா அதனைத் தமிழாக்கியபோது 'தேயிலைத் தோட்டத்திலே' எனப் பெயரிட்டார். முன்னே நின்ற 'இன்' தமிழில் 'இலே' என்னும் உருபாகிக் கடைசிக்குச் சென்றது. 'சிலோனுடைய' என்னும் அடை விழுந்தேபோயிற்று. தமிழ்ப் படிப்போர்க்கு எந்தத் தோட்டம் என்று சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலம் படிப்போர்க்கோ, இத்தோட்டம் இலங்கையினுடையது என்று ஒருவர் எழுத்தில் வைக்கவேண்டியிருந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வேறொரு தொடரை வழங்கியது. 'இந்தியத் தமிழர்' என்பதற்கு மாறாக, 'இந்திய வம்சாவளி ஆட்கள்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடர் அது. அதன் தலைச்சொல் 'ஆட்கள்'. வம்சாவளி அதன் பின்னே 'ஒஃப்' என்னும் சொல்லால் தொங்கவிடப்பட்டது. இலக்கணத்தால் மனிதர் முன்னுக்கு வந்தனர். ஒப்பந்தத்தில் அவர்கள் எண்ணிக்கையாயினர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974 வரை காத்திருந்து, பின் இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்க 2003இல் இயற்றப்பட்ட 35ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலும் அதே தொடர் இடம்பெற்றது.

இடையே மக்கள் தாமே ஒரு பெயரைத் தெரிந்துகொண்டனர். 'மலையகத் தமிழர்' என்பதில் தலைச்சொல் முன்போலவே இறுதியில் நிற்கின்றது. அடைமொழியோ கடல் கடந்த நாட்டைவிட்டு, அவர்கள் காடு வெட்டிப் பயிராக்கிய மலைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. எனினும் 1970களிலும் அதன் பின்னரும் பஞ்சத்தாலும் கலவரத்தாலும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறியோரும் இப்பெயரையே கூறுகின்றனர். அவர்கள்பால் அத்தொகையை 'மலையகத்தில் வாழும் தமிழர்' என விரித்தல் இயலாது. 'மலையகத்திலிருந்து வந்த தமிழர்' என்றே விரித்தல் வேண்டும்.