மலாக்காவின் இரண்டு அச்சுவார்ப்புத் தொழில்கள்

மலாக்கா மாநிலத் தமிழர் வரலாறு பெரும்பாலும் ரப்பர் எனும் பால்மரத்தடியிலேயே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வெட்டுக்காரரின் உழைப்பு பெற்ற கவனத்தை, அவர் கொணர்ந்த பாலை ஸ்டோர் எனப்பட்ட தோட்டத்து ஆலைக்குள் விலைபெறும் தாளாக்கிய கைகளின் தொழில்நுட்பம் பெறவில்லை. அந்த நுட்பத்தின் தரத்தை அளந்தறிய, அதே மாநிலத்தின் பத்து பெரெண்டாமில் 1990-களில் வேரூன்றிய கார்பன் இழைத் தொழிலோடு அதை ஒப்பிடுவது பொருத்தமாகும். ஏனெனில் உறையும் நீர்மம் ஒன்றை, நேரத்தோடு போட்டியிட்டு, காற்றுக்குமிழ் தங்காமல் வடிவப்படுத்துவதே இரண்டிலும் தலையாய வேலை.

1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்ட ரப்பரே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகக் கருதப்படுகிறது. அதன்பின் புக்கிட் அசஹானிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் விரிந்தபோது, ஆள்சேர்த்துவந்த கங்காணிகள் வழியாகவும், 1907-இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியின் துணையோடும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர்.

மங்கு எனப்பட்ட கிண்ணங்களில் வடிந்த பால், ஸ்டோரை அடையும் முன்பே உறைந்துவிடக்கூடியது என்பதால், தேவைப்படும்போது அதில் அமோனியா சேர்க்கப்பட்டது. ஸ்டோரில் பால் வடிகட்டப்பட்டு, நீர் கலந்து ஒரே அடர்த்திக்குக் கொண்டுவரப்பட்ட பின், தொட்டியில் ஊற்றி நீர்த்த ஃபார்மிக் அமிலம் கலக்கப்பட்டது; மேலே திரண்ட நுரையைப் பலகையால் முழுவதும் வழித்தெடுத்துவிட்டு, அலுமினியத் தகடுகளைத் தொட்டியில் இடைவெளி விட்டுச் செருகினர். தகடுகளுக்கிடையே உறைந்த கட்டிகள், முதலில் வழவழப்பான உருளைகளிலும் பிறகு வரிகள் வெட்டிய உருளையிலும் புகுந்து மெல்லிய தாள்களாகிப் புகைக்கூடத்தில் சில நாள்கள் காய்ந்தன. வரிகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. காயும் பரப்பை அவை கூட்டின, அடுக்கிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் குறைத்தன. காய்ந்த தாளை ஒளிக்கு நேரே பிடித்து, குமிழும் தூசும் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்த்தே முதல் தரம் தொடங்கி ஐந்தாம் தரம் வரை பிரித்தனர். நுரை வழிப்பதில் காட்டிய சோம்பல் விலையில் தெரிந்துவிடும் என்னும்போது, இதைத் தேர்ச்சியற்ற கூலிவேலை என்று வகைப்படுத்தியது பெரும் அநீதி என்றே சொல்ல வேண்டும்.

பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற, 1950-களில் தீவிரமடைந்த தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களின் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேரப் பறித்தது. 1965-இல் அறிமுகமான மலேசியத் தர ரப்பர்த் திட்டம், கண்பார்வைக்குப் பதிலாக ஆய்வகச் சோதனையைத் தர அளவாக்கியதால், தாள் ஸ்டோர்களின் முதன்மை குறையத் தொடங்கியது. 1970-களில் பத்து பெரெண்டாமில் மின்னணு ஆலைகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் பலரின் வாழ்க்கைப் பாதை ஆலைப் பக்கம் திரும்பியது.

அரசு முயற்சியால் 1990-இல் நிறுவப்பட்ட சி.டி.ஆர்.எம். நிறுவனம் பத்து பெரெண்டாமில் ஆலை அமைத்து, ஏர்பஸ் விமானங்களின் இறக்கைகளுக்கான கூட்டுப்பொருள் பாகங்களைச் செய்யத் தொடங்கியது. கூட்டுப்பொருள் என்பது இழையும் பிசினும் இணைந்து இறுகியது: இழை இழுவிசையைத் தாங்கும், பிசின் இழைகளை அவற்றின் இடத்தில் பிடித்து வைக்கும். பிசின் ஊட்டிய கார்பன் துணி தானாக இறுகிவிடாதிருக்க உறைகுளிரில் வைக்கப்படுகிறது. வெளியே எடுத்த பின் அது கழிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் கணக்கில் எழுதப்படுகிறது. ஸ்டோரில் அமோனியா ஆற்றிய பணியை இங்கே குளிர் ஆற்றுகிறது. துணியை அச்சில் அடுக்கி, உறையிட்டுக் காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் வெப்பமூட்டுகின்றனர். இறுகிய கார்பன் ஒளியை ஊடுருவ விடாததால், உள்ளே ஒளிந்திருக்கும் குமிழை மீயொலி கொண்டே தேட வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் உருவான ஈகிள் 150 என்னும் இரு இருக்கைக் கூட்டுப்பொருள் விமானத்தையும் இந்நிறுவனம் தன் பொறுப்பில் எடுத்து மலாக்காவில் தயாரித்தது; அதன் வழியில், வானிலிருந்து கண்காணிக்கும் ஆளில்லா வடிவம் ஒன்றும் பின்னர் உருவாக்கப்பட்டது.

விமானத்தில் மட்டுமல்ல, பொழுதுபோக்கிலும் இந்த நுட்பம் உண்டு: பொழுதுபோக்காக இயக்கப்படும் வானொலிக் கட்டுப்பாட்டு லாரிகளுக்குத் தனியாகச் செய்யப்படும் கார்பன் பாகங்கள் இதே தொழிலின் சிற்றுருக்களாகும். இவ்வண்டிகளின் மேற்கூடு வழக்கமாக, சூடேற்றிய பாலிகார்பனேட் தகட்டை அச்சின்மேல் உறிஞ்சிப் படியவைத்துச் செய்யப்படுவது. அதனினும் விறைப்பான பாகம் வேண்டுவோர், அச்சில் மெழுகு தடவி, கார்பன் துணியில் எப்பாக்சிப் பிசினைக் கையால் ஊறவைத்து அடுக்கி, உறையிட்டுக் காற்றை உறிஞ்சுகின்றனர். ஆட்டோகிளேவின் பெரும் அழுத்தம் இங்கே இல்லாமையால், குமிழை விரட்டும் பொறுப்பு உருளையைத் தள்ளும் கையையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகமூடி கட்டாயம். தூசு பறக்காதிருக்க நீர் தெளித்துத் தேய்ப்பதும் உண்டு. கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், முழுக் கூட்டையும் அதிலேயே செய்தால் வானொலி அலை தடுக்கப்பட்டு வண்டி கட்டளையை இழக்கக்கூடும்; எனவே ஏற்பியின் அலைக்கம்பியைக் கூட்டுக்கு வெளியே நீட்டுகின்றனர், அல்லது அந்தப் பகுதியை மட்டும் அலைகளைத் தடுக்காத கண்ணாடி இழையால் செய்கின்றனர்.